டீசல் புகைக்குப் பின்னால் உள்ள கணக்கு

(தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் நடத்தப்பட்ட கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் நீங்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தபோது, எத்தனை வண்டி மாறி வந்தீர்கள் என்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். மேல் டிவிஷனிலிருந்து வந்த ஒரு அக்கா சொன்னார்: லயத்திலிருந்து ரோட்டு முனை வரை நடை, அங்கிருந்து ஓட்டோ, டவுனிலிருந்து பஸ், இறங்கி மறுபடியும் நடை. போய்வர அவருக்கு ஆகும் காசு அரைப் பேர் சம்பளத்துக்குக் கிட்ட வருகிறது. அந்த ஓட்டோ அவரை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிப் போயிருக்கும். இன்றைக்கு நாம் பேச வந்த விஷயம் அந்த வெறும் வண்டியிலிருந்துதான் தொடங்குகிறது.

தலைப்பைப் பார்த்ததும் சில தோழர்கள் முகம் சுழித்ததைக் கண்டோம். சம்பளம், வீடு, காணி என்று எவ்வளவோ கிடக்கையில் வண்டிப் புகையைப் பற்றி ஒரு வகுப்பா என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் எரிபொருள் விலை ஏறும்போது முதலில் வயிற்றைக் கட்டுகிறவர்கள் நாம். மழை தவறிப் பெய்யும்போது முதலில் மண்ணுக்குள் போகிறவர்களும் நாம். 2025 நவம்பர் கடைசியில் வந்த தித்வா புயலில் நாட்டில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் விழுந்த அடியை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு புயலுக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் அது பிடித்து வைத்திருக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 வீதம் கூடும். அது பௌதிகம். அந்தக் கூடுதல் ஈரம் ஒருநாள் நம் லயத்துக்கு மேலே உள்ள மேட்டில்தான் கொட்டுகிறது.

முதலில் புகையை அளந்து பார்ப்போம். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளியே வருகிறது. பெற்றோல் என்றால் 2.3 கிலோ. ஒரு லீற்றர் டீசலின் எடையே ஒரு கிலோ வராதே, புகை மட்டும் எப்படி 2.7 கிலோ என்று கேட்பீர்கள். எண்ணெயில் உள்ள கரி காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்கிறது. எடையில் பெரும் பகுதி அந்த ஒட்சிசன்தான். உலகத்தில் எரிபொருளிலிருந்து வரும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போக்குவரத்தால் வருகிறது. அதிலும் பெரும் பங்கு வீதியில் ஓடும் வண்டிகளுடையது.

இதைச் சொல்லும்போது பலர் மனிதரின் குணத்தைக் குறை சொல்கிறார்கள். நடக்க மறந்துவிட்டோமாம், சோம்பேறியாகிவிட்டோமாம். நாம் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு வண்டி ஏன் ஓடுகிறது, எவ்வளவு தூரம் ஓடுகிறது, எந்த வண்டி ஓடுகிறது என்பதையெல்லாம் காசுதான் முடிவு செய்கிறது. யாருக்கு எது மலிவு, அந்த மலிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் புகையின் வழி தெரிந்துவிடும்.

நம் மலைநாட்டு ரயிலைப் பாருங்கள். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை போட்டது 1867. கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்ததும் அதே வருடம். அந்த ரயில் பாதை நம்மை ஏற்றிச் செல்லப் போட்டதல்ல. கோப்பியை மாட்டு வண்டியில் கொழும்புக்கு இறக்குவதற்குச் செலவு கூடுகிறது, நாள் போகிறது என்று தோட்ட முதலாளிமார் நெருக்கியதால் போட்டது. நம் பாட்டன் பூட்டிகள் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். கோப்பி மூட்டைக்குத்தான் ரயில். பிறகு 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை ஒரு சின்ன ரயில்கூட ஓடியது. 1900களின் தொடக்கத்தில் போட்ட குறுகிய பாதை. இராகலைப் பக்கத்துத் தோழர்கள் பாதை போன தடத்தை இன்றும் காட்டுவார்கள். லொறிகள் வந்தன, ரயில் நட்டம் என்றார்கள், 1940களில் மூடிவிட்டார்கள்.

ரயில் ஏன் தோற்றது? ஒரு தொன் சரக்கை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோக லொறிக்கு ரயிலைவிடக் கூடுதல் எரிபொருள் வேண்டும். ஆனால் ரயில் திணைக்களம் தன் தண்டவாளத்தையும் பாலத்தையும் சுரங்கத்தையும் தானே பராமரிக்க வேண்டும். லொறிக்காரருக்கு வீதி ஊர்ப் பொதுச் சொத்து. லொறி ஸ்டோர் வாசலிலேயே தேயிலைப் பெட்டியை ஏற்றிக் கொழும்பில் களஞ்சியத்தின் வாசலில் இறக்கும். ரயில் என்றால் ஸ்டோரிலிருந்து ஸ்டேசன், அங்கே ஏற்றி, கொழும்பில் இறக்கி மறுபடி லொறி. ஏற்றி இறக்கும் கூலி இரண்டு மடங்கு. இவ்வளவையும் கூட்டிப் பார்த்த முதலாளி லொறியைத் தேர்ந்தெடுத்தார். அவர் கணக்கில் தப்பில்லை. புகைக்கு அந்தக் கணக்கில் ஒரு சதமும் போடப்படவில்லை என்பதுதான் விஷயம். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. அன்று மலைநாட்டுத் தேயிலையைச் சுமந்து போனது ரயில். இன்று நம் தேயிலை அநேகமாக முழுவதும் கினிகத்தேனை, கித்துல்கல வளைவுகளில் லொறியில் இறங்குகிறது.

இப்போது தோட்டத்துக்குள் வருவோம். இதை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள்.

முன்பு ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு ஸ்டோர் இருந்தது. சில தோட்டங்களில் மேல் மலையிலிருந்து கம்பியில் கொழுந்துச் சாக்கைக் கோர்த்துவிட்டால் அது தன் பாரத்திலேயே ஸ்டோருக்கு வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். டீசலும் வேண்டாம், சாரதியும் வேண்டாம். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, இரண்டு மூன்று தோட்டத்துக் கொழுந்தை ஒரே ஸ்டோரில் அரைத்தால் செலவு குறையும் என்று பல ஸ்டோர்களை மூடினார்கள். மூடிய ஸ்டோரின் தகரம் துருப்பிடித்து நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் நம்மில் பலர் வேலைக்குப் போகிறோம். கொழுந்து மட்டும் லொறியில் மலை ஏறி மலை இறங்கிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்க ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மீதி எல்லாம் தண்ணீர். ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம்: லொறியில் 2,000 கிலோ கொழுந்து, ஸ்டோர் 20 கிலோமீற்றர் தூரத்தில். மலை ரோட்டில் லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைப்போம். போய்வர 10 லீற்றர் டீசல், 27 கிலோ காபனீரொட்சைட்டு. இத்தனையும் சுமார் 440 கிலோ தூளுக்கு. மற்ற 1,560 கிலோவும் தண்ணீர். வருடத்தில் 300 நாள், நாளைக்கு ஒரே ஓட்டம் என்றாலும் 3,000 லீற்றர் டீசல், எட்டுத் தொன் காபனீரொட்சைட்டு. மடுவத்தில் நிறுக்கும்போது ஈரத்துக்கு என்று நம் கணக்கில் கிலோ கழிக்கிறார்கள். அதே ஈரத்தை டீசல் ஊற்றி 20 கிலோமீற்றர் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

நிர்வாகத்தின் கணக்கு முழுக்கப் பொய் என்று நாம் சொல்ல மாட்டோம். பாதிக் கொழுந்தோடு ஒரு ஸ்டோரை ஓட்டினால் விறகும் கரண்டும் வீண். கொழுந்து குறைந்த தோட்டத்தில் ஸ்டோரைத் திறந்து வைப்பதும் ஒரு வகையில் புகைதான். ஆனால் டீசல் மலிவாக இருந்த நாளில் போட்ட கணக்கு அது. டீசல் விலை ஏறிய பிறகு அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டார்களா? போட்டிருந்தால் தொழிற்சங்கத்துக்குக் காட்டியிருக்க வேண்டும். இதுவரை எங்கள் கண்ணில் படவில்லை.

2022ஐ நினைத்துப் பாருங்கள். 2021 டிசெம்பர் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபாய், டீசல் 121 ரூபாய். 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் 470, டீசல் 460. நமது நாட்சம்பளம் இரண்டு நாளிலும் அதே 1,000 ரூபாய். ஒரு நாள் சம்பளத்துக்கு எட்டு லீற்றர் டீசல் வாங்கலாம் என்ற நிலை ஆறு மாதத்தில் இரண்டு லீற்றராகிவிட்டது. மண்ணெண்ணெய்க்கு வந்தது ஆகஸ்டில்: 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய். லொறிக்கு டீசல் இல்லாமல் மடுவத்திலேயே சாக்கில் கிடந்து கொழுந்து சூடேறிக் கறுத்துப்போன நாட்கள் உண்டு. எங்களில் ஒருவருடைய தோட்டத்தில் அப்படிக் கொட்டிய கொழுந்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டதற்கு, கொழுந்து எடுத்தவர்களுக்கே அரைப் பேர் போட்டார்கள். பிறகு சங்கம் தலையிட்டுத்தான் சரியானது.

கியூஆர் அட்டை வந்ததும் நினைவிருக்கும். ஆரம்பத்தில் ஒரு கிழமைக்கு ஓட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். கொழும்பில் ஒரு வீட்டுக் கார் கிடந்தால் அந்த வீட்டார் கொஞ்சம் சிரமப்படுவார்கள். தோட்டத்தில் ஓட்டோ கிடந்தால் பிரசவ வலி கண்டவளை யார் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது? அந்த வருடம் நாட்டில் எரிபொருள் பாவனை குறைந்தது உண்மை. புகையும் குறைந்திருக்கும். விலையால் மட்டும் புகையைக் குறைத்தால் யாருடைய ஓட்டம் முதலில் நிற்கும் என்பதை நாம் கண்ணால் கண்டோம்.

எண்ணெயும் தேயிலையும் எவ்வளவு நெருங்கிய சொந்தக்காரர் என்பதற்கு இன்னொரு கதை சொல்ல வேண்டும். 2012 வாக்கில் ஈரானிடம் இலங்கை வாங்கிய எண்ணெய்க்கு 25 கோடி 10 இலட்சம் டொலர் கடன் பாக்கி நின்றது. தடைகளினால் டொலரில் கட்டவும் வழியில்லை. 2021 டிசெம்பரில் ஒரு உடன்படிக்கை செய்தார்கள்: மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பிக் கடனைக் கழிப்பது. 2023இல் தேயிலை போகத் தொடங்கியது. பத்து வருடத்துக்கு முன் இந்த நாட்டு வீதிகளில் எரிந்து முடிந்த எண்ணெய்க்கு, இன்று நம் தாய்மார் கிள்ளும் கொழுந்து கடன் கட்டுகிறது. உடன்படிக்கைப்படி மாதாமாதம் தவறாமல் அனுப்பினாலும் நான்கு வருடத்துக்கு மேல் ஆகும். 2023இல் தேயிலை ஏற்றுமதியால் நாட்டுக்கு வந்தது சுமார் 130 கோடி டொலர். அதே வருடம் எரிபொருள் இறக்குமதிக்குப் போனது சுமார் 470 கோடி டொலர். இந்த நாட்டின் தேயிலை முழுவதையும் விற்றாலும் எண்ணெய்ச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூடக் காணாது. வீணாக எரியும் ஒவ்வொரு லீற்றரும் புகை மட்டுமல்ல என்று நாம் சொல்வது இதனால்தான்.

கடலுக்குப் போனால் அங்கேயும் காசின் ஆட்சிதான். பெரிய கப்பலில் ஒரு தொன் சரக்கை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோக ஆகும் எரிபொருள் லொறிக்கு ஆவதில் ஒரு சிறு பங்கு. அதனால் நம் தேயிலை கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போவதைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஸ்டோரிலிருந்து கொழும்புக்கு இறங்குவதும், கடைசியில் குடிக்கிறவர் வீட்டில் தண்ணீர் கொதிக்க வைப்பதும்கூடச் சின்னக் கணக்கல்ல. கப்பலின் புகை கம்பனியின் இலாபத்தோடு ஏறி இறங்கும். 2008க்குப் பிறகு உலக வர்த்தகம் படுத்து, கப்பல்கள் சும்மா கிடந்தபோது, எரிபொருளை மிச்சம் பிடிக்கக் கம்பனிகள் கப்பலை மெதுவாக ஓட்டின. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் எரிபொருள் அதைவிட வேகமாகக் குறையும். சூழல்மீது திடீரென்று பாசம் வந்து செய்ததல்ல. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, சூயஸ் கால்வாயை விட்டு ஆபிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிப் போனார்கள். பத்து நாள், இரண்டு கிழமை கூடுதல். பிந்திய நாளைப் பிடிக்க வேகத்தையும் கூட்டினார்கள். துருக்கிக்கும் ரஷ்யாவுக்கும் லிபியாவுக்கும் போகும் நம் தேயிலையும் அந்த வழியில்தான் மாட்டியது. கப்பல் கூலி ஏறினால் வாங்குபவர் ஏலத்தில் விலையைக் குறைத்துக் கேட்பார். ஏல விலை குறைந்தால் சம்பளப் பேச்சில் நிர்வாகம் முதலில் காட்டும் காகிதம் அதுதான்.

கப்பல் புகைக்கு உலக அளவில் ஒரு விலை வைக்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2025 ஏப்ரலில் ஒரு திட்டத்துக்கு இணங்கியது. ஒக்டோபரில் முடிவெடுக்கக் கூடியபோது ஒரு வருடத்துக்கு ஒத்திவைத்துவிட்டார்கள். என்றைக்காவது அது வரும். அந்தச் செலவு மேலே போகாமல் கீழே நம் பக்கம் உருண்டு வராமல் பார்ப்பது நம் வேலை.

திரும்பவும் அந்த வெறும் ஓட்டோவுக்கு வருவோம். நம் நாட்டில் பதிவான ஓட்டோக்கள் பத்து இலட்சத்துக்கும் மேல். அத்தனை ஓட்டோ ஏன் வந்தது? பஸ் வராத இடமெல்லாம் ஓட்டோ வந்தது. பஸ் ஏன் தோட்டத்துக்கு வரவில்லை? ரோடு இல்லை. ரோடு ஏன் இல்லை? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் இருந்த இருப்பில், தோட்டத்துக்குள் ரோடு போட சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்று கைவிரித்தார்கள். வாக்குக் கேட்க மட்டும் தோட்டத்துக்குள் வரலாம். 33ஆம் பிரிவைத் திருத்தியது 2018இல்தான். முப்பது வருடம் ரோடு பிந்தியதால் ஒரு தலைமுறை ஓட்டோவில் ஏறியது.

இதையும் கணக்காகப் பார்ப்போம். 50 பேர் பத்துக் கிலோமீற்றர் தூரத்திலுள்ள டவுனுக்குப் போக வேண்டும். மூன்று பேருக்கு ஒரு ஓட்டோ என்றால் 17 ஓட்டோ. லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடினாலும் ஏழு லீற்றர் பெற்றோல். அவை வெறுமனே திரும்பினால் இன்னொரு ஏழு லீற்றர். ஒரு பஸ் மலை ரோட்டில் லீற்றருக்கு மூன்று கிலோமீற்றர் ஓடினாலும் அந்த 50 பேருக்கும் மூன்றரை லீற்றருக்குள் முடிந்துவிடும். பஸ் பயணத்தில் ஆளுக்கு விழும் செலவு பல மடங்கு குறைவு. ஆக, நம் சனங்கள் கூடுதல் காசு கொடுத்துக் கூடுதல் புகை விடுகிறார்கள். ஆசைப்பட்டு அல்ல. ஓட்டோ ஓட்டுகிற தம்பிமாரும் நம் லயத்துப் பிள்ளைகள்தான், லீசிங் கட்ட நாள் முழுக்க ஓட வேண்டியவர்கள். அவர்களைக் குறை சொல்லி இந்த வகுப்பை நாம் முடிக்கப்போவதில்லை.

தீபாவளிக்கு முந்திய இரவு கொழும்பு பஸ் நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். அட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளை பஸ்களில் கால் வைக்க இடமில்லை. கடையில் நிற்கிற மகன், ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிற மகள், வீட்டு வேலைக்குப் போன அம்மா. தோட்டச் சம்பளத்தில் குடும்பம் ஓடியிருந்தால் இவர்களில் பாதிப் பேர் 150 கிலோமீற்றர் தள்ளி இருந்திருக்க மாட்டார்கள். போக்குவரத்தும் காபனும் என்று பெரிய பெரிய அறிக்கை எழுதுபவர்கள் வருமானம் ஏறினால் பயணம் கூடும், கார் கூடும், புகை கூடும் என்று எழுதுகிறார்கள். அது சரிதான். ஆனால் சம்பளம் போதாமல் போவதாலும் பயணம் கூடும் என்பதை எழுத நம் பக்கத்து ஆள் வேண்டியிருக்கிறது.

அரசாங்கங்கள் இதில் கை வைத்த விதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். டீசலைப் பெற்றோலைவிட மலிவாக வைத்திருந்தார்கள். பஸ்ஸுக்கும் சரக்கு லொறிக்கும் உதவி என்றார்கள். உதவிதான். ஆனால் பெரிய டீசல் ஜீப்பில் போகிறவருக்கும் அதே உதவி போனது, அவர் எரிக்கும் லீற்றர் கூட என்பதால் கூடவே போனது. 2015 வாக்கில் மின்சாரக் கார்களுக்கு வரியைக் குறைத்ததும் அவை குவியலாக வந்தன. அந்த வருடக் கடைசி வரவுசெலவுத் திட்டத்தில் வரியை ஏற்றியதும் நின்றன. மக்களின் மனம் ஒரே வருடத்தில் மாறவில்லை, விலை மாறியது. 2019இல் வாகனங்களுக்குக் காபன் வரி என்று ஒன்று போட்டார்கள். இயந்திரம் பெரிதானால் வரி கூடும், வண்டி பழையதானாலும் வரி கூடும். எவ்வளவு தூரம் ஓடியது என்று கேட்கவில்லை. கிழமைக்கு ஒருமுறை மரக்கறி ஏற்றிச் சந்தைக்குப் போகும் பழைய வானுக்குக் கூட வரி, தினமும் கொழும்புக்கும் கண்டிக்கும் பறக்கும் புதுக் காருக்குக் குறைய வரி. வருட முடிவோடு அதையும் கைவிட்டார்கள்.

பிரான்ஸ் நாட்டில் 2018இல் எரிபொருள் வரியைக் கூட்டப் போனபோது, மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சனங்கள் வீதியை மறித்தார்கள். அவர்களில் பலர் பஸ்ஸும் ரயிலும் குறைந்த ஊர்ப்புறத்தார், வேலைக்குக் காரில் போவதைத் தவிர வேறு வழியில்லாதவர்கள். பெரும் பணக்காரர்களின் சொத்து வரியைக் குறைத்த அரசாங்கம் நம் தலையில் வரியா என்று கேட்டார்கள். அரசாங்கம் பின்வாங்கியது. அவர்கள் புகையை ஆதரித்தவர்கள் அல்ல. மாற்று வழியைத் தராமல் விலையை மட்டும் ஏற்றினால் இப்படித்தான் நடக்கும்.

இனி நம் தோட்டங்களுக்கு வரப்போவதைச் சொல்கிறோம், கவனமாகக் கேளுங்கள். வெளிநாட்டுக் கொள்வனவாளர்கள் தேயிலையின் காபன் கணக்கைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நிர்வாகங்கள் கணக்கைக் குறைத்துக் காட்ட வழி தேடும். ஸ்டோர்க் கூரையில் சூரிய மின்தகடு போடுவார்கள், நல்லது, வரவேற்கிறோம். அடுத்து லொறி ஓட்டத்தில் கை வைப்பார்கள். மூன்று நிறுவையை இரண்டாக்குவார்கள். மலைக்கு வந்த லொறி ரோட்டு முனையோடு நிற்கும். காகிதத்தில் டீசல் குறையும், புகை குறையும், சான்றிதழ் வரும். லொறி ஓடாத அந்தத் தூரத்தை யார் ஓடுவது? 20 கிலோச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நம் தாய்மார்தான் ஓடுவார்கள். ஒரு பெண்ணின் கழுத்தெலும்பு தேய்வது எந்தக் காபன் கணக்கிலும் வராது.

ஆகவே சங்கத்தின் நிலைப்பாட்டை இப்போதே சொல்லி வைக்கிறோம். நிறுவை எண்ணிக்கையையோ லொறி வரும் இடத்தையோ மாற்றுவதென்றால் தோட்டக் கமிட்டியோடு பேசிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். டீசல் மிச்சமானால் அந்த மிச்சத்தில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும். மூடிய ஸ்டோர்களில் எதைத் திறக்கலாம், எங்கே கம்பிவழியைத் திரும்பப் போடலாம் என்று கணக்குப் பார்க்கச் சொல்லிக் கேட்போம். சில இடத்தில் திறப்பது நட்டம் என்று தெரியவரலாம், அப்படியானால் அதையும் ஒப்புக்கொள்வோம். பிரதேச சபைகளிடம் கேட்பதற்கு இனிச் சட்டம் தடையில்லை. ஒவ்வொரு டிவிஷனுக்கும் காலையில் ஒன்று, பாடசாலை விடும் நேரம் ஒன்று, வேலை முடிந்த பிறகு ஒன்று என்று மூன்று பஸ் ஓட்டத்தைக் கேட்போம். கொழுந்து லொறியிலும் ட்ராக்டரிலும் ஆளை ஏற்றி வேறு மலைக்குக் கொண்டுபோகும் பழக்கத்தை டீசல் சிக்கனம் என்ற பெயரில் யாரும் நியாயப்படுத்தக் கூடாது. அதில் விழுந்து செத்தவர்களை நாம் புதைத்திருக்கிறோம்.

கேட்பதற்குக் கையில் கணக்கு வேண்டும். ஆகவே ஒரு வேலை தருகிறோம். வெளியே போகும்போது தோட்டத்துக்கு ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். மடுவத்திலிருந்து ஸ்டோருக்கு எத்தனை கிலோமீற்றர், நாளைக்கு லொறி எத்தனை ஓட்டம், உங்கள் தோட்டத்து ஸ்டோர் மூடியதென்றால் எந்த வருடம், மலையிலிருந்து மடுவத்துக்கு நடை எத்தனை நிமிடம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு எங்கே நிற்கிறது, இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோக் கூலி எவ்வளவு என்று எழுதுங்கள். நடை எத்தனை நிமிடம் என்பதை மாதர் தலைவிகள்தான் எழுத வேண்டும், தலைவர்மார் ஊகித்து எழுதக் கூடாது. லொறிச் சாரதியிடம் டீசல் கணக்கையும் நட்பாகக் கேட்டுப் பாருங்கள், அவரும் நம் அங்கத்தவர்தான். அடுத்த மாதம் சம்பள நாளுக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை கூடும்போது தாள்களைக் கொண்டு வாருங்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு அன்றைக்கு வான் ஒன்று ஏற்பாடு செய்கிறோம். மேல் டிவிஷன் அக்காவிடம் ஏற்கனவே சொல்லிவிட்டோம், அவர் ரோட்டு முனையில் ஏழரைக்கு நிற்பார்.